ஆப் இருக்கிறது, அப்புறம் ஏன் வரிசை?

ஜூன் மாதம் கல்லூரிச் சேர்க்கை நடக்கும்போது எங்கள் தெருமுனை இ-சேவை மையத்தைப் பார்க்க வேண்டும். வெளியே போட்டிருக்கும் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் படிக்கட்டு வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். போன வருஷம் அங்கே முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக ஒரு பெண் காத்திருந்தாள். கையில் நல்ல ஸ்மார்ட்போன். காத்திருந்த நேரம் முழுக்க ரீல்ஸ் பார்த்தாள், தோழிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள், நடுவில் அம்மாவுக்கு டீ வாங்கி ஜிபேயில் காசு போட்டாள். அவள் வாங்க வந்த சான்றிதழுக்கு அதே போனிலிருந்தே விண்ணப்பித்திருக்க முடியும்.

பிறகு ஏன் அங்கே வந்தாள்? இந்தக் கேள்விக்கு நம்மிடம் எப்போதும் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. இன்னொன்று, நம் ஜனங்களுக்குப் படிப்பு போதாது. டீக்கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள், அரசு விழா மேடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டுமே பொருந்தாது. அவளுக்கு விஷயம் தெரியும், போனும் தெரியும். தெரிந்தேதான் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் மனசில் என்ன கணக்கு ஓடியது என்பதைப் புரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வோம். சான்றிதழ், டிக்கெட், உரிமம், ஓய்வூதியம் என்று அரசிடமிருந்து நமக்கு வேண்டியதை அலுவலகத்துக்குப் போகாமல் கைப்பேசி வழியாகப் பெறுவதுதான் மொபைல் அரசு சேவை. அது ஆப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எஸ்எம்எஸ்ஸாகவோ வாட்ஸ்அப் உரையாடலாகவோகூட இருக்கலாம்.

பரணில் ஒரு கிரைண்டர்

2011-ல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. பெட்டியைப் பிரித்த அன்றே உளுந்து ஊறப்போட்ட வீடுகள் உண்டு. அப்படியே பரணில் ஏற்றி மறந்த வீடுகளும் உண்டு. அரசின் பதிவேட்டில் இரண்டு வீடுமே 'பயனாளி' என்றுதான் இருக்கும்.

ஆப் விஷயத்தில் நடக்கும் முதல் குழப்பம் இதுதான். "இத்தனை கோடி பேர் டவுன்லோட் செய்திருக்கிறார்கள்" என்று செய்தி வந்தால், இத்தனை கோடி பேர் பயன்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். கொரோனா தொற்றுத் தொடர்பைக் கண்டறிய அரசு கொண்டுவந்த ஆரோக்கிய சேது ஆப் ஞாபகம் இருக்கிறதா? 2020 ஏப்ரல் 2-ம் தேதி வெளியானது. சுமார் 41 நாளில் 10 கோடி பேர் இறக்கிவிட்டார்கள் என்று அரசு பெருமையாக அறிவித்தது. அதில் அலுவலகம் கேட்டதால் இறக்கியவர்கள் எத்தனை பேர், வாசலில் செக்யூரிட்டி கேட்டதால் இறக்கியவர்கள் எத்தனை பேர்? பச்சை நிறம் காட்டிவிட்டு உள்ளே போன பிறகு அந்த ஆப்பைத் திறந்தவர்கள் எத்தனை பேர்? டவுன்லோட் எண்ணிக்கையில் இதெல்லாம் தெரியாது.

அதனால் 'ஏற்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் கறாராகவே வைத்துக்கொள்வோம். ஒரு தேவை வரும்போது, யாரும் வற்புறுத்தாமல், இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அதே வழியை ஒருவர் தானாக எடுத்தால் அதுதான் ஏற்பு. முதல் முறை செய்வது வெறும் முயற்சி, டவுன்லோட் என்பது பரணில் ஏற்றிய கிரைண்டர்.

இரண்டு எண்ணங்கள்

வீட்டில் ஒரு கிரைண்டர் வாங்கலாமா என்று பேச்சு வருகிறது. இன்னும் அதில் ஒரு பிடி அரிசிகூட அரைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் முடிவெடுக்க வேண்டும். எதை வைத்து எடுக்கிறோம்? ஒன்று, "இது வந்தால் எனக்கு என்ன மிச்சம்?" இன்னொன்று, "இதைக் கையாள்வது எவ்வளவு பாடு? கல்லைத் தூக்கிக் கழுவ முடியுமா?"

1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே அலுவலக ஊழியர்களும் கணினியும் என்ற இடத்தில் வைத்துக் கேட்டார். புதுக் கணினி நிரலை ஒருவர் எடுத்துக்கொள்வாரா மாட்டாரா என்பதை இரண்டு எண்ணங்கள் பெருமளவு சொல்லிவிடுகின்றன என்றார். இதனால் எனக்குப் பயன் உண்டு என்ற எண்ணம் ஒன்று, இது எனக்குச் சுலபம் என்ற எண்ணம் மற்றொன்று. இந்த விளக்கத்துக்குத் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி என்று பெயர். பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை, 'எண்ணம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆப் உண்மையிலேயே நல்ல ஆப்பா என்பது அடுத்த கேள்வி. நல்லது என்று எனக்குத் தோன்றுகிறதா என்பதுதான் நான் அதைத் தொடுவேனா என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டில் எது கனமானது என்றும் டேவிஸ் பார்த்தார். பயன்தான். இது நமக்குத் தெரிந்த சங்கதிதான். காலை பத்து மணிக்கு ஏசி, பதினொரு மணிக்கு ஸ்லீப்பர் என்று தட்கல் திறக்கும் நேரத்தில் ஒரு ரயில் டிக்கெட் போட்டுப் பாருங்கள். லாகின் போகும், கேப்சா தவறும், பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். அதைச் சுலபம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டுமே! டிக்கெட் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காக எத்தனை பாட்டையும் சகித்துக்கொள்கிறோம். பயன் இல்லாத ஆப்பை எத்தனை அழகாகச் செய்தாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பயன் போனுக்கு வெளியே இருக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

டிஜிலாக்கர் 2015-ல் வந்தது. ஓட்டுநர் உரிமம், ஆர்சி புத்தகம், மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் போனுக்குள். அதன் வழியாக வழங்கப்படும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017 பிப்ரவரியில் விதியும் வந்துவிட்டது. ஆப்பில் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த ஆப்பின் பயன் என்பது என்ன? ரோட்டில் கை காட்டி நிறுத்தும் போலீஸ்காரர் போன் திரையைப் பார்த்துவிட்டு "சரி, போங்க" என்று சொல்வது. அவ்வளவுதான். அதைச் சொல்லும் அதிகாரம் ஆப்பைச் செய்தவர்களிடம் இல்லை, நடுரோட்டில் வெயிலில் நிற்கிற ஒருவரிடம் இருக்கிறது.

அதே 2017-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? வண்டி ஓட்டுகிறவர்கள் அசல் உரிமத்தைக் கையில் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு பக்கம் போனில் இருப்பது அசலுக்குச் சமம் என்கிறது டெல்லி விதி, இன்னொரு பக்கம் அசலையே எடு என்கிறது உள்ளூர் உத்தரவு. அந்த வருஷம் ஒருவர் டிஜிலாக்கரை நம்பாமல் பர்ஸில் உரிமத்தைச் செருகிக்கொண்டு போனார் என்றால், அவரை விழிப்புணர்வு இல்லாதவர் என்றா சொல்வீர்கள்? அவர்தான் முழு விழிப்பில் இருந்தார். 2018 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், டிஜிலாக்கரிலும், வாகன ஆவணங்களுக்கான மத்திய அரசு ஆப்பான எம்பரிவாகனிலும் காட்டப்படும் ஆவணங்களை ஏற்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. விதி வந்து ஒன்றரை வருஷம் கழித்து!

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. ஒரு வேலைக்காக ஓர் அலுவலகத்தில் டிஜிலாக்கரைத் திறந்து மதிப்பெண் சான்றிதழைக் காட்டினேன். எதிரே இருந்தவர் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் சார் இருக்கு. இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்துடுங்க." அவர்மீதும் கோபப்பட முடியவில்லை. அவருடைய ஃபைலில் காகிதம் இருந்தால்தான் நாளைக்குத் தணிக்கைக்கு வருகிறவர் விடுவார். அவர் கணக்கு அவருக்கு. கீழே இறங்கி ஒரு பக்கம் ரெண்டு ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்தேன்.

சான்றிதழ் விண்ணப்பமும் இப்படித்தான். போனில் விண்ணப்பித்த பிறகும் அது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேசை மேசையாகப் போகிறது. வழியில் ஏதோ ஒரு மேசையிலிருந்து "நேர்ல ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டுவிட்டால், போனில் விண்ணப்பித்ததால் மிச்சமான நேரம் என்று சொல்ல எதுவும் இல்லை.

இதுவரை பார்த்தது: ஏற்பு என்பது டவுன்லோட் அல்ல, மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவது. அதைப் பயன் என்ற எண்ணமும் சுலபம் என்ற எண்ணமும் முடிவு செய்கின்றன. அந்தப் பயன் பல நேரங்களில் போனுக்குள் இல்லை, போனில் வந்ததை எதிரே இருப்பவர் ஏற்றுக்கொள்கிறாரா என்பதில் இருக்கிறது.

சுலபம் என்றால் யாருக்குச் சுலபம்?

மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு யூடிஎஸ் ஆப் தெரிந்திருக்கும். சென்னைப் புறநகர் ரயில்களுக்கு 2015-ல் வந்தது. டிக்கெட் கவுன்ட்டரில் நிற்காமல் போனிலேயே எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்த பிறகு அவசரமாக டிக்கெட் எடுப்பதைத் தடுக்க, தண்டவாளத்திலிருந்து சில மீட்டர் தள்ளி நின்றால்தான் காகிதமில்லாத டிக்கெட் எடுக்க முடியும் என்று வைத்தார்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை போனின் ஜிபிஎஸ் சொல்லும். ரொம்ப தூரத்திலிருந்தும் எடுக்க முடியாது.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் காலை எட்டே முக்காலுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். ஸ்டேஷன் வாசலில் நிற்கிறீர்கள். ஜிபிஎஸ் கொஞ்சம் பிசகி, நீங்கள் உள்ளே இருப்பதாகச் சொல்கிறது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடை வரை போனால் ஆப் சம்மதிக்கிறது. டிக்கெட் வருகிறது, வண்டி போய்விடுகிறது. இரண்டு நாள் இப்படி நடந்தால் மூன்றாம் நாள் சீசன் டிக்கெட் எடுத்துவிடுவீர்கள். பிறகு ஸ்டேஷனிலேயே க்யூஆர் கோடு ஒட்டி, அதை ஸ்கேன் செய்து உள்ளே இருந்தபடி எடுக்கலாம் என்றாக்கினார்கள். ரொம்ப தூரத்திலிருந்து எடுக்க முடியாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் 2024-ல் எடுத்துவிட்டார்கள். அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டவருக்கு அந்தச் சில மீட்டர் ஒரு சின்ன நிபந்தனை, ஓடிவந்து நிற்பவருக்கு அது ஒரு ரயில்.

மொழியும் இதில்தான் வரும். கொரோனா தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யும் கோவின் தளத்தில் 2021 ஜூனில் இந்தியோடு பல மாநில மொழிகளைச் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் சேர்த்தார்கள். தமிழ் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 'சரிபார்ப்புக் குறியீட்டினை உள்ளீடு செய்க' என்று எழுதியிருப்பதைவிட 'ஓடிபி போடுங்க' என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் புரியும். நான் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன், எனக்கே சில அரசு ஆப்களில் ஆங்கிலத்துக்கு மாற்றினால்தான் அர்த்தம் விளங்குகிறது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆந்திர அரசு இதில் வேறு வழியைப் பிடித்தது. 2025 ஜனவரி 30-ம் தேதி 'மன மித்ர' என்று வாட்ஸ்அப்பிலேயே 161 சேவைகளைத் தொடங்கியது. தினமும் கையில் புழங்குகிற இடத்திலேயே அரசு வந்து நின்றுவிட்டால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சென்னை மெட்ரோவும் 2023 மே மாதம் வாட்ஸ்அப் டிக்கெட் கொண்டுவந்தது. கூடவே கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடியும் வைத்தது. சுலபத்தோடு நாலு காசு மிச்சமும் சேர்ந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பக்கத்து வீட்டு அக்காவும் பிளக் பாயின்ட்டும்

மறுபடி கிரைண்டருக்கு வருவோம். பயனும் சுலபமும் மட்டுமே ஒரு வீட்டில் கிரைண்டர் ஓட வைக்காது. பக்கத்து வீட்டு அக்கா "இட்லி பஞ்சு மாதிரி வருது, வாங்கிடு" என்று சொல்ல வேண்டும். வீட்டில் கரன்ட்டும் சரியான பிளக் பாயின்ட்டும் இருக்க வேண்டும்.

2003-ல் விஸ்வநாத் வெங்கடேஷும் அவரோடு மூவரும் (டேவிஸும் அதில் ஒருவர்) அதுவரை வந்திருந்த எட்டு விளக்கங்களை ஒன்றாக்கி, டேவிஸின் இரண்டோடு இந்த இரண்டையும் சேர்த்தார்கள். நமக்கு வேண்டியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது சமூகச் செல்வாக்கு. பயன்படுத்தத் தேவையான பொருளும் உதவியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்பது துணை வசதி.

சமூகச் செல்வாக்கு இரண்டு பக்கமும் வெட்டும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் "சொத்து வரி ஆப்லயே கட்டிட்டேன், அஞ்சு நிமிஷம்" என்று ஒருவர் போட்டால் நாலு பேர் செய்து பார்ப்பார்கள். "பணம் போயிடுச்சு, ரசீது வரலை" என்று ஒருவர் போட்டால் நாற்பது பேர் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பணம் மூன்று நாளில் திரும்பி வந்ததை மட்டும் யாரும் குரூப்பில் போடுவதில்லை.

துணை வசதியில் நம் ஊர் நிலைமையை எளிதாக எடைபோட முடியாது. "எல்லார் கையிலயும் போன் இருக்கே" என்கிறோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம்தான். ஒருமுறையேனும் இணையம் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57, பெண்களில் 33. அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கும், ஆனாலும் வீட்டில் ஒரு போன் இருப்பதும் அது அவள் போனாக இருப்பதும் ஒன்றல்ல.

இதன் முழு வேதனையும் ஓடிபியில் வெளிப்படும். ஓடிபி என்பது ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ரகசிய எண். ஆதார் கேட்கும் சேவைகளில் அது ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் இருந்தது ஒரே போன். அது மகனுடைய எண். மகன் இப்போது திருப்பூரில் ஷிப்ட்டில் இருக்கிறான். இ-சேவை மையத்தில் நான் கேட்ட உரையாடல்:

"தம்பி, மெசேஜ் வந்திருக்கும் பாரு, நம்பர் சொல்லு."

"எம்மா, மிஷின்ல நிக்கிறேன், அஞ்சு நிமிஷம் பொறுங்க."

"அஞ்சு நிமிஷத்துல அது செத்துப் போயிடும்னு இந்தப் பொண்ணு சொல்லுதுப்பா."

ஆப்பைச் செய்தவர்கள் ஒரு ஆள், ஒரு போன், ஒரு எண் என்று கற்பனை செய்திருக்கிறார்கள். நம் வீடுகளில் ஒரு போனுக்கு நாலு பேர், அதுவும் வேறு ஊரில். அப்புறம் போனில் இடம் இருக்க வேண்டும். காலை வணக்கப் படங்களால் நிரம்பிய போனில் இன்னொரு ஆப்புக்கு எங்கே இடம்?

நம்பிக்கை என்ற ஐந்தாவது

டேவிஸும் வெங்கடேஷும் ஆராய்ந்தது பெரும்பாலும் அலுவலக ஊழியர்களை. அவர்களுக்கு மேசைமேல் கணினி உண்டு, பழுதானால் பார்க்க ஆள் உண்டு, முதலாளி கொடுத்த மென்பொருள் போலியாக இருக்குமோ என்ற பயம் இல்லை. அரசு சேவையைப் போனில் பயன்படுத்தும் குடிமகனுக்கு அந்தச் சொகுசு கிடையாது. அதனால் பிறகு வந்த ஆய்வாளர்கள் இந்தப் பட்டியலில் நம்பிக்கையையும் சேர்த்தார்கள்.

இதிலும் இரண்டு வகை உண்டு, சேர்த்துக் குழப்பக் கூடாது. என் விவரத்தைக் கொடுத்தால் அரசு அதைத் தவறாகப் பயன்படுத்தாது என்பது ஒன்று. என் போனுக்கு வந்திருப்பது உண்மையிலேயே அரசுதான் என்பது இன்னொன்று. இன்றைக்கு நம் ஊரில் அதிகம் அடிவாங்குவது இரண்டாவதுதான். "உங்கள் வண்டிக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது, விவரத்துக்கு இதை இறக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு ஒன்று வருகிறது. ஏபிகே என்றால் பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாக போனில் ஏற்றும் ஆப். தொட்டு ஏற்றிவிட்டால் போனுக்குள் புகுந்து, வருகிற ஓடிபியைப் படித்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும். அதில் அரசு முத்திரை இருக்கும், வண்டி எண்கூடச் சரியாக இருக்கும்.

ஒருமுறை இதில் மாட்டியவர், அல்லது மாட்டியவரின் மைத்துனர், அடுத்தமுறை உண்மையான அபராதச் செய்தி வந்தாலும் தொட மாட்டார். மோசடிக்காரன் திருடுவது பணத்தை மட்டுமல்ல, அரசு அனுப்பும் அடுத்த நூறு குறுஞ்செய்திகளின் மதிப்பையும் சேர்த்துத்தான். "தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்" என்று எச்சரிக்கும் அதே அரசு, கீழே ஒரு லிங்க்கோடு குறுஞ்செய்தி அனுப்பும் வேடிக்கையும் நடக்கிறது.

இதுவரை வந்தவை: பயன், சுலபம், சுற்றியிருப்பவர்கள் சொல், துணை வசதி, நம்பிக்கை. இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று ரொம்பவும் காலை வாரினால் மற்ற நான்கும் நன்றாக இருந்தும் புண்ணியமில்லை. பிளக் பாயின்ட் இல்லாத வீட்டில் நல்ல கிரைண்டர் இருந்து என்ன செய்ய?

மாவுக்கடை

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போகலாம்.

நன்றாக ஓடுகிற கிரைண்டர் வீட்டில் இருந்தும் எத்தனை பேர் மாவு பாக்கெட் வாங்குகிறோம்? கிரைண்டரைப் பற்றி விழிப்புணர்வு இல்லாமலா? அரைப்பது தெரியாமலா? ஊறவைக்க வேண்டும், அரைக்க வேண்டும், கல்லைக் கழுவ வேண்டும். கடையில் கொஞ்சம் காசு கொடுத்தால் வேலை முடிந்தது. மாவு புளித்திருந்தால் அடுத்த நாள் கடைக்காரரிடம் சண்டை போடலாம்.

அரசு ஆப்புக்கு உண்மையான போட்டி தாலுகா ஆபீஸ் கவுன்ட்டர் இல்லை. தெருமுனை மாவுக்கடைதான், அதாவது இ-சேவை மையம். அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு எந்தச் சான்றிதழுக்கு எந்தக் காகிதம், படம் எத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், எந்த இடத்தில் தவறினால் விண்ணப்பம் திரும்பி வரும் என்பதெல்லாம் அத்துப்படி. தினமும் ஐம்பது போடுகிறாள். வருவாய்த்துறைச் சான்றிதழ் ஒன்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். முதல் பட்டதாரிச் சான்றிதழை வாழ்க்கையில் ஒருமுறை வாங்கப் போகிற மாணவி, அதற்காகத் தன் போனில் கணக்குத் தொடங்கி, எண் பதிவு செய்து, அம்மாவின் ஆதார் படத்தைச் சுருக்கி, தவறாகப் போட்டால் சேர்க்கைத் தேதி தாண்டிவிடுமோ என்ற பயத்தில் இரவு தூங்காமல் இருக்க வேண்டுமா? 60 ரூபாய்க்கு அந்தப் பயத்தை இன்னொருவர் தலையில் வைத்துவிடலாம் என்றால் நானும் வைப்பேன்.

அடிக்கடி தேவைப்படுவதற்கும் அபூர்வமாகத் தேவைப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தினம் ஒரு டிக்கெட் என்றால் ஒருமுறை கற்றதை முந்நூறு முறை பயன்படுத்துகிறோம். வாழ்நாளில் ஒரு சான்றிதழ் என்றால் கற்றது கற்ற அன்றே வீண். இதைப் பிரிக்காமல் எல்லாச் சேவையையும் ஒரே ஆப்பில் அடுக்கிவிட்டு 'ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்' என்று கேட்பது சரியில்லை.

கட்டாயப்படுத்தினால்?

சரி, வேறு வழியே இல்லை என்று அடைத்துவிட்டால் எல்லாரும் வந்துதானே ஆக வேண்டும்? அதையும் செய்து பார்த்திருக்கிறோம். 2021 மே 1-ம் தேதி 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி திறந்தபோது, கோவினில் முன்பதிவு செய்தால் மட்டுமே ஊசி என்றார்கள். ஸ்லாட் திறந்த சில நிமிடங்களில் காலியானது. கணினி தெரிந்த பையன்கள் டெலிகிராமில் எச்சரிக்கைச் செய்தி வரும்படி செய்துகொண்டு, நகரத்திலிருந்து காரில் போய் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்தக் கிராமத்துக்காரர் வாசலில் நின்று பார்த்தார். உச்ச நீதிமன்றமும் இதைக் கேட்டது. அதே மாதம் 24-ம் தேதியே அரசு மையங்களில் நேரில் பதிவு செய்யவும் அனுமதித்தார்கள்.

கட்டாயம் எண்ணிக்கையைக் கொண்டுவரும். அந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் தாமாக வந்தார்கள், எத்தனை பேர் யாரையாவது கெஞ்சிப் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் வராமலே போனார்கள் என்பது தெரியாது.

பெரியப்பாவின் நவம்பர்

எங்கள் பெரியப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் நவம்பரில் தான் உயிரோடு இருப்பதாக ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓய்வூதியம் நிற்கும். இதைக் கைரேகை வைத்து மின்னணுவில் கொடுக்கும் ஜீவன் பிரமாண் 2014-ல் வந்தது. வருஷக்கணக்கில் இரும்பைத் தொட்ட விரல், ரேகை விழவே இல்லை. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டி போனிலேயே கொடுக்கலாம் என்று வந்திருந்ததால், போன தீபாவளிக்குப் போனபோது நானே உட்கார்ந்து செய்துகொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டு ஆப் ஏற்ற வேண்டியிருந்தது. வெள்ளைச் சுவர் தேடி, வெளிச்சம் தேடி, "பெரியப்பா, கண்ணைச் சிமிட்டுங்க" என்று நான் சொல்ல, அவர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்ள, நாலாவது முறை பச்சை வட்டம் வந்தது. சான்றிதழ் எண் குறுஞ்செய்தியில் வந்ததைப் பெரியம்மாவிடம் காட்டி, "பாரு, நான் உயிரோட இருக்கேன்னு கவர்மென்ட்டே சொல்லிடுச்சு" என்றார்.

இந்த நவம்பரில் போன் செய்து, ஆப்பில் நீங்களே போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"தபால்காரர் வந்தாருப்பா. எழுபது ரூபா. திண்ணையிலேயே மெஷினை வெச்சு முடிச்சுட்டாரு. மோர் குடிச்சுட்டுப் போனாரு."

"ஆப் இருக்கா, எடுத்துட்டீங்களா?"

"அது இருக்கு, நீ போட்டது. இருக்கட்டும்."